குற்றவாளியை அடித்தவரை ஊர் எப்படி எடைபோடுகிறது?

#1 வடக்குவாசல்

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

1981 மார்ச் 6, மேற்கு ஜெர்மனியின் லூபெக் நீதிமன்றம். தன் 7 வயது மகளைக் கொன்றவனுக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. மரியன்னே பாக்மையர் என்ற அந்தத் தாய் மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கியால் அவனை முதுகில் பலமுறை சுட்டார். ஆள் அங்கேயே காலி. 1983-ல் தீர்ப்பு வந்தது: 6 ஆண்டு சிறை. ஏறக்குறைய 3 ஆண்டில் வெளியே விட்டார்கள்.

1984 மார்ச் 16, அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் விமான நிலையம். தன் மகனைக் கடத்திச் சீரழித்த கராத்தே ஆசிரியரைப் போலீஸ் அழைத்து வருகிறது. தந்தை கேரி பிளாஷே பொதுத் தொலைபேசியில் பேசுவதுபோல் நின்று, அவன் பக்கத்தில் வந்ததும் தலையில் சுட்டார். தொலைக்காட்சிக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. 7 ஆண்டுத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள். 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 300 மணி நேரச் சமூகப் பணி. அவ்வளவுதான்.

இரண்டுமே போலீஸ் கையில் இருந்த ஆளைக் கொன்ற வழக்கு. இரண்டிலும் பிள்ளையைப் பறிகொடுத்த, அல்லது பிள்ளை சிதைந்த பெற்றோர். ஒருவருக்கு ஜெயில், ஒருவருக்கு இல்லை. ஏன்?

என் கணிப்பு இது: குற்றவாளி எவ்வளவு கெட்டவன் என்பதை வைத்து ஊர் மன்னிப்பதில்லை. அதற்கு முன்னால் அரசு எவ்வளவு கைவிட்டது என்பதை வைத்துத்தான் மன்னிக்கிறது. போலீஸும் கோர்ட்டும் எங்கே சொதப்புகின்றனவோ அங்கே கையை ஓங்கியவனுக்கு மாலை. உங்கள் கருத்து?

#2 சுடரொளி

இதில் என்ன விவாதம் அண்ணே? ரெண்டு பேரும் செய்தது சரி. அந்த ஜெர்மன் அம்மாவுக்கு 6 நாள் கொடுத்திருந்தாலே அதிகம். பிள்ளையைக் கொன்றவனுக்கு வக்கீல் வைத்து, சாப்பாடு போட்டு, பத்து வருடம் கேஸ் நடத்துவதுதான் நாகரிகமா?

#3 தனிமரம்

சாப்பாடு போடுவது நாகரிகம்தான் தம்பி. மற்றதைப் பெரியவர்கள் வந்து சொல்லட்டும்.

#4 வக்கீல் தாத்தா

கூப்பிட்டது போலத் தோன்றியதால் வந்தேன்.

வடக்குவாசல் தம்பி எடுத்த இரண்டும் தற்காப்பு வழக்குகளே அல்ல. அவை பழிவாங்கல். ஆபத்து முடிந்து பல நாள் கழித்து நடந்தவை. எந்த நாட்டுச் சட்டமானாலும் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. நீங்கள் கை வைத்த அந்த நொடியில் ஆபத்து இருந்ததா, தீர்ந்துவிட்டதா? இருந்தது என்றால் சட்டம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடர் உண்டு: உயிருக்குப் போராடுகிறவன் தன் அடியைப் பொன் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பார்கள். 1971-ல் இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றமும் ஏறக்குறைய இதையே சொன்னது.

தகராறெல்லாம் ஆபத்து திரும்பி ஓட ஆரம்பித்த பிறகுதான். மூன்று வழக்குகளைப் பாருங்கள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக், 1999 ஆகஸ்ட். பலமுறை திருட்டுக் கொடுத்த விவசாயி டோனி மார்ட்டின், இரவில் வீட்டுக்குள் புகுந்தவர்களை உரிமமில்லாத துப்பாக்கியால் சுட்டார். 16 வயதுப் பையன் முதுகில் குண்டு பாய்ந்து செத்தான். கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை. 2001-ல் மேல்முறையீட்டில் 5 ஆண்டாகக் குறைந்தது. எதற்காகக் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். தற்காப்பு வாதம் எடுபடவில்லை, அவருடைய மனநிலை பாதிப்பைக் காட்டித்தான் குறைத்தார்கள்.

பிரான்சின் நீஸ், 2013 செப்டம்பர். கொள்ளையடித்துவிட்டு ஸ்கூட்டரில் தப்பியவர்கள்மேல் நகைக்கடைக்காரர் சுட்டார், 19 வயது இளைஞன் செத்தான். சில நாளுக்குள் ஃபேஸ்புக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடைக்காரருக்கு ஆதரவு. 2018-ல் 5 ஆண்டுத் தண்டனை, நிறுத்திவைப்பு.

இத்தாலியின் கிரின்சானே காவூர், 2021 ஏப்ரல். அங்கேயும் நகைக்கடை, அங்கேயும் ஓடும் கொள்ளையர்கள். கடைக்காரர் தெருவரை துரத்திப் போய்ச் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். 2023 டிசம்பரில் முதல் நீதிமன்றம் கொடுத்தது 17 ஆண்டு.

ஓடுகிறவன் முதுகில் சுட்டது தற்காப்பு ஆகாது என்பதில் மூன்று நாட்டுக்கும் ஒரே கருத்து. அதற்கு என்ன விலை என்பதில்தான் சுழியத்துக்கும் 17-க்கும் இடையே இழுபறி.

#5 சுடரொளி

தாத்தா, ஓடுகிறவன் நாளைக்குத் திரும்பி வரமாட்டான் என்று யார் உத்தரவாதம்? டோனி மார்ட்டின் வீட்டில் எத்தனை தடவை திருடினார்கள்! போலீஸ் என்ன கிழித்தது?

#6 வடக்குவாசல்

சுடரொளி என் பக்கத்துக்கே ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறார், நன்றி. அந்த வழக்குக்குப் பிறகு இங்கிலாந்தில் கிளம்பிய கோபம் அடங்கவே இல்லை. 2013-ல் சட்டத்தையே மாற்றினார்கள். வீட்டுக்குள் புகுந்தவன்மேல் பயன்படுத்திய பலம் அளவுக்குச் சற்று மிஞ்சியிருந்தாலும் பரவாயில்லை, படுமோசமாக மிஞ்சியிருக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். வீட்டுக்கு வெளியே நடந்ததென்றால் இந்தச் சலுகை கிடையாது.

#7 கடலோடி

சரி, இப்போது கொஞ்சம் கிழக்கே போவோம். வடக்குவாசலின் கணிப்பு சீனாவில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

சீனக் குற்றவியல் சட்டத்தில் 20-வது பிரிவு தற்காப்பு பற்றியது. 1997-ல் திருத்தியபோது அதில், கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை போன்ற கொடிய தாக்குதலைத் தடுக்கும்போது எதிராளி செத்தாலும் குற்றமில்லை என்றுகூடச் சேர்த்தார்கள். தாளில் பார்த்தால் தாராளம். நடைமுறையில் யாருமே அதைத் தொடவில்லை. இறந்தவர் குடும்பம் வந்து ஆர்ப்பாட்டம் செய்தால் தலைவலி என்று, இரண்டு பக்கத்தையும் அடிதடிக் கேஸாக முடித்துவிடுவார்கள். தூங்கும் பிரிவு என்றே வக்கீல்கள் அதைக் கேலி செய்தார்கள்.

2016-ல் ஷான்டோங் மாகாணத்தில் கடன் வசூலிக்க வந்த கும்பல், ஒரு பெண்ணை அவர் மகன் கண் முன்னாலேயே மிகக் கேவலமாக அவமானப்படுத்தியது. போலீஸ் வந்தது, பேசியது, அறையை விட்டு வெளியே போய்விட்டது. மகன் கத்தியை எடுத்து நாலு பேரைக் குத்தினான், ஒருவன் செத்தான். 2017 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை. செய்தி வெளியே வந்ததும் நாடே கொதித்தது, ஜூனில் அதே வழக்கு 5 ஆண்டாகக் குறைந்தது.

அடுத்தது 2018 ஆகஸ்ட், குன்ஷான் நகரம். சைக்கிள் பாதையில் பிஎம்டபிள்யூ காரை நுழைத்தவன், சைக்கிள்காரரோடு தகராறு செய்து, காரிலிருந்து நீளமான கத்தியை எடுத்துத் தாக்க ஆரம்பித்தான். கத்தி கை தவறி விழுந்தது. சைக்கிள்காரர் முந்திக்கொண்டு எடுத்துத் திருப்பிக் குத்தினார். அவன் கார் பக்கம் ஓட, இவர் விரட்டிப் போய் மேலும் வீசினார், அவை படவில்லை. ஆள் செத்தான். எல்லாம் கண்காணிப்புக் கேமராவில் பதிவு. 5 நாளில் போலீஸ் சொல்லிவிட்டது: நியாயமான தற்காப்பு, வழக்கு முடிந்தது.

தாத்தாவின் கடிகாரத்தை இங்கே பாருங்கள். அவன் காரை நோக்கி ஓடினான், காரில் இன்னொரு ஆயுதம் இருக்கலாம், ஆகவே ஆபத்து தீரவில்லை என்று அரசுத் தரப்பே விளக்கம் கொடுத்தது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டன.

முதல் வழக்குக்கும் இரண்டாவதற்கும் நடுவே சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது மக்கள் சத்தம்.

#8 மென்பனி

கடலோடி அண்ணா, சத்தம் யாருக்காக எழுகிறது என்பதையும் கேட்க வேண்டும் இல்லையா? வடக்குவாசல் அண்ணாவின் கணிப்பில் அரசு இருக்கிறது, அடித்தவர் இருக்கிறார். செத்தவர் யார் என்ற கேள்வியே இல்லை.

நியூயார்க் சுரங்க ரயில், 1984 டிசம்பர். பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையர், தன்னிடம் பணம் கேட்ட நாலு கறுப்பின இளைஞர்களைச் சுட்டார். 1987-ல் நகரின் மன்ஹாட்டன் பகுதி ஜூரி கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது, உரிமமில்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை. 1996-ல் அதே செயலுக்கு, உடல் முடங்கிப்போன ஒருவர் தொடுத்த சிவில் வழக்கில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பிராங்ஸ் பகுதி ஜூரி 4 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரே ஊர், ஒரே துப்பாக்கி. ஆற்றுக்கு இந்தக் கரையில் நாயகன், அந்தக் கரையில் கொடுமைக்காரன். சட்டங்களும் நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு என்பது உண்மைதான், ஆனால் ஜூரியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், 2020 பிப்ரவரி. தெருவில் ஓட்டப்பயிற்சி போன 25 வயதுக் கறுப்பின இளைஞரைத் திருடன் என்று சந்தேகப்பட்டு மூன்று பேர் வண்டியில் துரத்தி, அதில் ஒருவர் சுட்டுக் கொன்றார். பொதுமக்களே கைது செய்யலாம் என்ற 1863-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி இரண்டு மாதத்துக்கும் மேல் கைதே இல்லை. வீடியோ வெளியே வந்த பிறகுதான் கைது. 2021-ல் அந்தப் பழைய சட்டத்தை நீக்கினார்கள், மூவரும் தண்டனை பெற்றார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 பிப்ரவரி, கேரளத்தின் அட்டப்பாடி. அரிசி திருடினார் என்று பழங்குடி இளைஞர் ஒருவரைக் காட்டிலிருந்து பிடித்து, கையைக் கட்டி, அடித்து, பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். அவர் செத்துப்போனார். 2023-ல் 13 பேருக்கு 7 ஆண்டு. அடித்தவர்கள் தங்களைக் குற்றவாளிகளாக நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் செல்ஃபி எடுப்பார்களா? திருடனைப் பிடித்துக் கொடுக்கும் நல்ல குடிமக்கள் என்றுதான் நினைத்தார்கள்.

#9 தனிமரம்

செல்ஃபி வரியை இரண்டாம் தடவை படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

#10 சுடரொளி

அது கொலை, அதை யாரும் ஆதரிக்கவில்லை. நான் பேசுவது நிஜமான குற்றவாளியைப் பற்றி.

#11 மென்பனி

நிஜமான குற்றவாளி என்பதை அந்த இடத்தில் யார் முடிவு செய்வது, அண்ணா? அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்திதான் காரணம். ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் அதே வதந்திக்கு 5 பேர். அடித்த ஒவ்வொருவரும் உங்களைப் போலத்தான் நிஜமான குற்றவாளி என்று நம்பினார்கள்.

#12 வக்கீல் தாத்தா

அந்த ஆண்டு ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளுக்குத் தனிச் சட்டம் கொண்டுவரச் சொன்னது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(2)-ம் பிரிவு அதைப் பேசுகிறது: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை. இந்தியர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்பதுதான் மெக்காலேயின் கவலை! 1837-ல் தண்டனைச் சட்ட வரைவை எழுதியபோது, தற்காப்பு உரிமைக்குக் கடிவாளம் போடுவதைவிட மக்களிடம் துணிச்சலை வளர்ப்பதே தங்கள் நோக்கம் என்று குறிப்பே எழுதிவைத்தார். அதனால்தான் நம் சட்டத்தில் இந்த உரிமை இன்றும் அகலமாக இருக்கிறது. உயிருக்கு மட்டும் இல்லை, சொத்துக்கும் உண்டு. அடுத்தவர் உயிரைக் காக்கவும் உண்டு. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது உயிர் போனாலும், மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் குற்றம் ஆகாது.

இரவு என்றேன், அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். கி.மு. 5-ம் நூற்றாண்டு ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம், இரவுத் திருடனைக் கொல்லலாம், பகல் திருடன் ஆயுதத்தோடு எதிர்த்தால்தான் கொல்லலாம் என்றது. யூதர்களின் பழைய சட்டத்திலும் இரவில் கன்னமிட்டவன் செத்தால் பழி இல்லை, சூரியன் உதித்த பிறகென்றால் பழி உண்டு. பிரான்சில் இன்றைக்கும் இரவில் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைபவனை எதிர்த்தால் அது தற்காப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நமது புதிய சட்டம், இரவு என்பதை எடுத்துவிட்டு, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை என்று நேரத்தைத் தெளிவாக்கியிருக்கிறது. இருட்டில் வந்தவன் திருட வந்தானா கொல்ல வந்தானா என்று தெரியாது, கூப்பிட்டால் ஓடிவர ஆளும் இல்லை. ரோமானியர் காலத்திலிருந்து இந்தப் பயத்தை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

#13 கடலோடி

வடக்குவாசலுக்கு ஒரு முட்டுக்கட்டை. ஜெர்மனியில் தற்காப்புச் சட்டம் இங்கிலாந்தைவிட அகலம். நியாயம் அநியாயத்துக்கு வழிவிடத் தேவையில்லை என்பது அங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். தாக்கப்பட்டவர் ஓடித் தப்ப வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. பயத்திலோ பதற்றத்திலோ எல்லை மீறினால் தண்டனையே கிடையாது என்று தனிப் பிரிவும் இருக்கிறது. 1920-ல், தோட்டத்தில் பழம் திருடிவிட்டு ஓடியவர்களைக் காவலுக்கு இருந்தவர் சுட்டது சரி என்றே அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. பழத்துக்குத் துப்பாக்கியா என்று இன்றைய சட்ட அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. ஆனாலும் பாருங்கள், அரசுமேல் நம்பிக்கை அதிகமுள்ள நாடு, சட்டம் தாராளம். உங்கள் சூத்திரப்படி தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

#14 வடக்குவாசல்

தாக்குதல் நடக்கும்போது தாராளம், முடிந்த பிறகு கறார். பாக்மையருக்கு ஜெயில் கிடைத்தது அதனால்தான். நான் பேசுவது முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. அங்கேயும் ஊர் ஒரே குரலில் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு எடுத்த கருத்துக்கணிப்பில் தண்டனை சரி என்றவர்கள், அதிகம் என்றவர்கள், போதாது என்றவர்கள் ஏறக்குறைய சம பங்கு.

அரசு முழுசாகக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் இரண்டு. 1981 ஜூலை, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்கிட்மோர் என்ற குக்கிராமம். கென் மெக்கல்ராய் என்ற ரௌடி பல ஆண்டு ஊரை மிரட்டி, ஒவ்வொரு கேஸிலும் தப்பிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு கிழவரைச் சுட்டதற்குத் தண்டனை விழுந்தும் ஜாமீனில் திரும்பி வந்தான். பட்டப்பகலில், நாற்பதுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்த தெருவில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் மனைவியைத் தவிர ஒருவர்கூட எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை! இன்றுவரை யார்மேலும் கொலை வழக்கு இல்லை.

2004 ஆகஸ்ட், நாக்பூர். கஸ்தூர்பா நகரைப் பல ஆண்டு சூறையாடிய அக்கு யாதவ் என்பவனை, கோர்ட்டுக்குள்ளேயே பெண்கள் சூழ்ந்து கொன்றார்கள். இங்கே யாரும் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. நாங்கள்தான் செய்தோம், எல்லோரையும் கைது செய்யுங்கள் என்று அந்தப் பகுதிப் பெண்கள் முன்வந்தார்கள். 2014-ல் வழக்கில் இருந்தவர்கள் விடுதலை.

ஒரு ஊர் வாயை மூடிக்கொண்டது, இன்னொரு ஊர் ஒரே வாயாகப் பேசியது. இரண்டிலும் பலன் ஒன்று, இரண்டுக்கும் முன்கதையும் ஒன்று: கொடுத்த புகாரெல்லாம் குப்பைக்குப் போனது.

#15 சுடரொளி

இதுதான் நான் முதலிலிருந்து சொல்வது! மக்களே ஒழுங்காக அமைப்பு வைத்துக்கொண்டால் போலீஸே வேண்டாம்.

#16 கடலோடி

அதையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரு நாட்டின் கஹமார்கா மலைப்பகுதியில் 1976 டிசம்பரில் மாட்டுத் திருட்டு தாங்காமல் விவசாயிகள் இரவு ரோந்து ஆரம்பித்தார்கள். பேர் ரோந்தா. பிடிபட்ட திருடனைக் கொல்வதில்லை. ஊர்க்கூட்டம் விசாரிக்கும். பிறகு ஓர் ஊர் ரோந்திலிருந்து அடுத்த ஊர் ரோந்துக்குக் கைமாற்றிவிடுவார்கள், ஒவ்வோர் ஊரிலும் அவனும் இரவெல்லாம் காவல் நடக்க வேண்டும். சாட்டையடியும் உண்டு, அத்துமீறல் புகார்களும் உண்டு. ஆனால் 1993 அரசியலமைப்பில் அவர்களுக்கு இடமே கொடுத்தார்கள்.

இன்னொரு முனையில் ரியோ டி ஜனேரோ. போதைக் கும்பலிடமிருந்து உங்களைக் காக்கிறோம் என்று முன்னாள் போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து மிலிசியா என்ற ஆயுதக் குழுக்களை அமைத்தார்கள். முதலில் கைதட்டல். அப்புறம் கேஸ் சிலிண்டர் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், வேன் ஓட்டினால் அவர்களுக்குக் கப்பம், திருட்டுக் கேபிள் இணைப்பும் அவர்களிடம்தான். புகார் சொல்ல மறுபடி யாரும் இல்லை.

என்ன வித்தியாசம்? ரோந்தாவில் அடிக்கிறவரை அடுத்த வாரம் ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மிலிசியாவை யார் கேட்பது?

#17 மென்பனி

சட்டத்தை அகலப்படுத்தினால் குற்றம் குறையும் என்பதும் நிற்கவில்லை. 2005-ல் புளோரிடா, பொது இடத்திலும் பின்வாங்க வேண்டியதில்லை, நின்று சுடலாம் என்று சட்டம் போட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தொடர்ந்தன. செங், ஹோக்ஸ்ட்ரா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்ததில் கொள்ளையும் வீடுடைப்பும் குறையவில்லை, கொலை மட்டும் சுமார் 8 சதவீதம் கூடியது.

#18 சுடரொளி

சரிங்க, புத்தகக் கணக்கு இருக்கட்டும். தாத்தா, நேரடியாகக் கேட்கிறேன். ராத்திரி என் வீட்டுக்குள் ஒருத்தன் புகுந்துவிட்டான், அடித்துப் போட்டுப் பிடித்துவிட்டேன். நான் என்ன செய்யலாம்?

#19 வக்கீல் தாத்தா

அவன் எதிர்க்கும்வரை எதிர்க்கலாம். விழுந்துவிட்டான், கையைத் தூக்கிவிட்டான் என்றால் அந்த நொடியில் உங்கள் தற்காப்பு முடிந்தது. பிடித்து வைக்கும் உரிமை மட்டும் மிச்சம். பொதுமக்கள் கைது என்பது இங்கேயும் சட்டத்தில் உண்டு. பழைய சட்டம் வீண் தாமதமில்லாமல் போலீஸில் ஒப்படைக்கச் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு அதற்கு 6 மணி நேர வரம்பு போட்டிருக்கிறது.

#20 சுடரொளி

6 மணி நேரம் என் கையில் இருப்பானா? நாலு தட்டு தட்டிவிட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

#21 வக்கீல் தாத்தா

டாக்டருக்குத் தெரியும். போலீஸ் அவனை முதலில் கொண்டுபோவது ஆஸ்பத்திரிக்கு. காயச் சான்றிதழில் கட்டின தடமும் வரும், விழுந்த அடியும் வரும். அதற்கப்புறம் கூண்டில் நிற்பது இரண்டு பேர்.

#22 தனிமரம்

சுடரொளி, கயிறு மட்டும் வாங்கி வையும். கட்டையை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.